முதல் வரிசையில் குற்றாலிங்கம்

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஆன்டிபாடி நான்கு பேரை அடையாளம் காணும் என்று அதனுடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தது. மனிதன், எலி, சுண்டெலி, குற்றாலிங்கம்.

குற்றாலிங்கம் என் அப்பா. வேறு குற்றாலிங்கங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கீழே சின்ன எழுத்தில் மின்வாரியம், பேட்டை என்றும் போட்டிருந்தார்கள்.

ஹெப்சிபா மேடம் தாளை இரண்டு முறை படித்தார். அவர்தான் எங்கள் ஆய்வகத்துக்குப் பொறுப்பு. நான் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம்.

"நல்லதாப் போச்சு செண்பகம்," என்றார். "மத்த லேப்ல பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு ஐஸ் பெட்டி வச்சு வெளிநாட்டுல இருந்து வரவழைக்காங்க. நமக்குப் பேட்டையிலயே இருக்காங்க. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு."

ஒரு முயலுக்கு ஏதாவது ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினால், அதைப் பிடிப்பதற்கென்றே ஒன்றை முயலின் ரத்தம் உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்துச் சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள ட்யூபில் அடைத்து அனுப்புவார்கள். அதுதான் ஆன்டிபாடி. எத்தனை ஆயிரம் புரதம் கூடி நின்றாலும் தனக்குரியதை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். எங்களுடையது, செல்லின் வாசலில் நிற்கும் ஒரு புரதத்துக்கானது. இன்சுலின் வந்து தட்டும்போது கேட்டு, சர்க்கரையை உள்ளே விட வேண்டியது அதன் வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அது நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனால் தட்டுவது காதில் விழாது. ஏன் விழவில்லை என்பது என் ஆராய்ச்சி.

ஒவ்வொரு சோதனையிலும் கட்டாயம் ஆம் என்று பதில் வரவேண்டிய ஒன்றை முதல் வரிசையில் வைப்போம். அது பாசிட்டிவ் கண்ட்ரோல். அதில் பதில் வராவிட்டால் மற்ற ஒன்பது வரிசைகளில் என்ன வந்தாலும் செல்லாது. அப்பா அதற்குத்தான்.

சாயங்காலம் வீட்டில் தாளைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவனுக்கு என்னை எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. "முழுப் பேரையும் போட்டிருக்கான்," என்றார்.

அவர் மீட்டர் ரீடிங் எடுப்பவர். இருபத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போகிறார். கதவைத் திறக்கிறவர்கள் உள்ளே திரும்பி, கரண்ட்காரர் வந்திருக்காரு என்று கத்துவார்கள். சொந்த அத்தை மகன் கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்துக்காரர் அவரை வாசலிலேயே மடக்கி, நேராக மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போனார். அப்பா கணக்கைக் குறித்துக்கொடுத்துவிட்டு, பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். குற்றாலிங்கத்தைப் பார்த்ததும் குற்றாலிங்கம் என்று தெரிந்துகொள்ளும் ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"மனுசன்னு ஒண்ணு போட்டுட்டு ஒங்க அப்பாவத் தனியா போட்டிருக்கானா? வெவரமான கம்பெனிதான்."

"சும்மா இரு ஆவுடை," என்றார் அப்பா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இருவது வருசமா சுகரு எனக்கு. காலையும் ராத்திரியும் வயித்துல குத்துறவ நான். சுகருக்குன்னு ஒரு மருந்து வந்தா பேரு ஒங்களுக்கா?"

"அது மருந்து இல்லம்மா," என்றேன்.

"என்ன எழவோ. தெரியுதுல்லா அதுக்கு ஆளை?"

செவ்வாய்க்கிழமை அப்பா அரை நாள் விடுப்பு போட்டு, தேய்த்த சட்டையில் வந்தார். மெம்பிரேன் என்று நாங்கள் சொல்வது உள்ளங்கை அகலமுள்ள ஒரு வெள்ளைத் தாள். அதில் பத்து வரிசை. அதற்கு நேராகத் தரையில் சாக்பீஸால் ஒன்று முதல் பத்து வரை எழுதியிருப்போம். அப்பா ஒன்றாம் எண்ணில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

தாளில் ஒன்றும் ஒட்டாத காலியிடங்கள் நிறைய இருக்கும். ஆன்டிபாடி அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டால் குழப்பம். அதனால் முதலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து அதில் தாளை ஒரு மணி நேரம் ஊறவைப்போம். காலியிடமெல்லாம் பால் போய் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ஆன்டிபாடி இரண்டு மணி நேரம். பிறகு மூன்று முறை கழுவல். கடைசியில் ஷாகுல் அண்ணன் அதை டார்க் ரூமுக்குள் எடுத்துப்போய் எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்துக் கழுவிக் கொண்டுவருவார். ஷாகுல் அண்ணன் மேலப்பாளையம். அந்த டார்க் ரூமில் பதினெட்டு வருட அனுபவம்.

கதவைத் திறந்ததுமே, "சார் வந்துட்டாவ," என்றார்.

முதல் வரிசையில் கறுப்பாக, கூர்மையாக, ஒரு பட்டை. அப்பா ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நான்தான்," என்றார்.

மேடத்திடம் கேட்டு அதை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வந்தார். ஒவ்வொரு முறையும் பட்டை அதே இடத்தில், அதே கறுப்பில் வந்தது. ஃபிலிம்கள் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. வந்தவர்களிடம் அப்பா இது போன மாதத்தில் நான், இது சளி பிடித்திருந்தபோது நான் என்று காட்டினார்.

பாசிட்டிவ் இருந்தால் நெகட்டிவும் வேண்டும் என்றார் மேடம். கட்டாயம் இல்லை என்று வரவேண்டிய ஒருவர். கம்பெனித் தாளில் இல்லாத யாரும் சரி; அதில் மனிதன் என்றுதான் இருந்தது, மனுஷி என்று இல்லை. அம்மா தானாகவே வந்தாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, இரண்டாம் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெகட்டிவ் என்றால் என்னவென்று நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஃபிலிமில் இரண்டாம் வரிசை வெள்ளையாக இருந்தது.

"அருமை," என்றார் மேடம். "ஒரு புள்ளிகூட இல்ல பாருங்க. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல."

அம்மா தலையிலிருந்த பூவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். இறங்கும் இடத்தில், "ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன்டி," என்றாள்.

வந்த அன்றே ஆன்டிபாடியைப் பத்து ட்யூபுகளாகப் பிரித்து உறையவைத்திருந்தோம். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைத்தால் மறதி வந்துவிடும். ஒன்பது ட்யூப் முடிந்து, பத்தாவதை எடுத்த வெள்ளிக்கிழமை நான் வேறொரு தப்பைச் செய்தேன்.

பால் பவுடர் டப்பா காலியாக இருந்தது. மேடம் அறையில் வேறு பேராசிரியர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் போய்ப் பால் பவுடர் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவு வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். பிறகு அலமாரியிலிருந்த, டீ போடும் பால் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்துவிட்டேன். அதில் சர்க்கரை சேர்த்திருக்கும் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் கரைத்தேன்.

ஷாகுல் அண்ணன் டார்க் ரூமிலிருந்து வெளியே வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. ஃபிலிம் முழுக்கக் கறுப்பு. ஒன்று முதல் பத்து வரை, வரிசைகளுக்கு நடுவில், ஓரங்களில், எங்கும்.

அன்றும் நெகட்டிவாக வந்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து இரண்டாம் வரிசையில் விரல் வைத்தாள். "இந்தா, நானும் இருக்கேன்."

"யாருமே இல்லம்மா," என்றார் மேடம். "எல்லா எடத்துலயும் ஒட்டுச்சுன்னா ஒண்ணையும் தெரியலன்னு அர்த்தம்."

"இதுல நான் எங்க?" என்று அப்பா கேட்டார்.

ஷாகுல் அண்ணன் தட்டில் மிச்சமிருந்த பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இனிக்கி," என்றார்.

அந்த ஆய்வகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு அதிர்ச்சியைப் பார்த்ததில்லை. மேடம் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது; அவர் எடுக்கவில்லை. ஷாகுல் அண்ணன் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "டீ போடுற பால் பவுடர்லயா," என்று மேடம் மூன்று முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிக்கொண்டே போனது. அப்பா மட்டும் ஃபிலிமைத் திருப்பித் திருப்பித் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேடம் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்த முயல் இறந்துவிட்டது என்றார்கள். புது முயல் ஒன்று இருக்கிறது, நல்ல முயல், ஆனால் அதற்குக் குற்றாலிங்கத்தைத் தெரியாது. மனிதன், எலி, சுண்டெலி வரைக்கும் தெரியும்.

அப்பா அந்த வாரம் வேலைக்குப் போனார், வந்தார். ஜன்னலில் தொங்கிய ஃபிலிம்களைப் பார்க்கவில்லை. யாரோ வாசலில் கரண்ட்காரர் வீடு இதுதானா என்று கேட்டபோது, ஆமா என்று அவரே போய்ச் சொன்னார். சோற்றைப் பிசைந்து பாதியில் எழுந்தார். அம்மா அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்த முயலு என்ன செஞ்சுது?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஊசி போட்டுக்கிடும். கீரை திங்கும். மாசத்துக்கு ஒருக்க ரத்தம் குடுக்கும்."

"நான் என்ன செய்யுதேன்?"

யோசித்துப் பார்த்தேன். அதையேதான் செய்தாள்.

"முப்பத்தொரு வருசம் அவிய கூட இருக்கேன். ஒரு முயலுக்குத் தெரிஞ்சது என் ரத்தத்துக்குத் தெரியாமலா போவும்? ஒங்க மேடத்துக்கிட்ட சொல்லு."

மேடத்திடம் சொன்னேன். அவர் ஐந்து மில்லி எடுக்கச் சொன்னார். அம்மாவின் ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தோம். நிறம் முயலுடையதைவிடக் கொஞ்சம் மஞ்சள். இந்த முறை பால் பவுடரை மேடமே வாங்கி வந்து, பாக்கெட்டை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். அம்மா இப்போது முயலின் இடத்தில் இருந்ததால் நெகட்டிவுக்கு ஆள் இல்லை. நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

அப்பா சீக்கிரமே வந்து, மின்விசிறிக்கு நேராக இருக்கிறது என்று ஏழாம் எண்ணில் முக்காலியைப் போட்டிருந்தார். மேடம் வந்து சொன்ன பிறகு எழுந்து ஒன்றுக்கு வந்தார். வந்து உட்கார்ந்தவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. இதிலும் வராவிட்டால் இனி எதிலும் வரப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஷாகுல் அண்ணன் ஃபிலிமைக் கொண்டுவந்து நீட்டினார்.

ஒன்றாம் வரிசை வெறுமை. இரண்டாம் வரிசையிலும் ஒன்றுமில்லை. என் நெகட்டிவ் சரியாக வேலை செய்திருக்கிறது என்று மேடம் பாராட்டினார். அம்மாவின் ரத்தத்தில் எனக்கென்று ஒரு புள்ளிகூட இல்லை. அதைத்தான் எதிர்பார்த்தோம், அதைத்தான் நோட்டில் எழுதினேன்.

ஏழாம் வரிசையில் ஒரு பட்டை இருந்தது. மெலிதாக, ஆனால் நேராக.

"அங்க யாரும் இல்லியே," என்றார் மேடம்.

"சார் இருந்தாவ," என்றார் ஷாகுல் அண்ணன். "எந்திச்சு வந்தாவ."

மறுபடி செய்தோம். அப்பாவை நான்கில் உட்காரவைத்து ஒன்பதுக்கு மாற்றினார் மேடம். நான்கில் வந்தது. பத்தில் உட்காரவைத்து மூன்றுக்கு மாற்றினார். பத்தில் வந்தது. எந்த முடிவையும் மூன்று முறை பார்க்காமல் நம்பக் கூடாது என்பது விதி. மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, "எந்திச்சுப் போன எடத்துலதான் தெரியுது," என்று மேடம் நோட்டில் எழுதினார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அப்ப உக்காந்திருக்கையில என்னைத் தெரியலியா?"

"நீங்க எப்ப உக்காந்தீய?" என்றாள் அம்மா. "காலையில ஏழு மணிக்கு ஓடுவிய. நாற்காலியில ஈரத்துண்டு கெடக்கும். ஒங்க டம்ளர் கெடக்கும். சரி, போயிட்டாவன்னு நெனைப்பேன். வந்து இருந்தா பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிடுவிய. என் ரத்தத்துல எது இருக்கோ அதுதான வரும்? நான் என்ன கள்ளத்தனமா செய்யுதேன்?"

"குத்தம் சொல்லல ஆவுடை."

"பட்டை மெல்லிசாத்தான் இருக்கு," என்றார் மேடம், இருவருக்கும் நடுவில் ஃபிலிமை நீட்டியபடி. "சார், வேற நம்பருக்குப் போறதுக்குப் பதிலா கேன்டீன் வரைக்கும் போயிட்டு வாரீங்களா?"

அப்பா ஒன்றாம் எண்ணில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனார். பட்டை தடித்தது. வெள்ளிக்கிழமை ஜங்ஷனுக்குப் போனார். இன்னும் தடித்தது. அடுத்த செவ்வாய் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய், அங்கிருந்து போன் செய்து காத்திருந்தார். இறந்துபோன முயல் காட்டிய கறுப்பை அன்று தொட்டுவிட்டோம்.

"எப்படி வந்திருக்கேன்?" என்றார் போனில். பின்னால் பஸ்காரர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பல வாரத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரல்.

"நல்லா வந்திருக்கீங்கப்பா."

அவர் சேர்த்துவைத்திருந்த விடுப்பையெல்லாம் எழுதிக் கொடுத்தார். இருநூற்று நாற்பது நாள் இருந்தது. திங்கட்கிழமை எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒன்றாம் எண்ணில் உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆனதும் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மதுரையில் பட்டைக்கு ஓரம் வந்தது. நாக்பூரில் காது வந்தது. அதற்குப் பிறகு அதைப் பட்டை என்று சொல்ல முடியவில்லை. சட்டைக் காலர், மீசை, நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. அம்மா ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஃபிலிமுக்காகக் காத்திருந்து, வந்ததும் முதல் ஆளாக வாங்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, இந்தத் தழும்பு எப்ப வந்துது?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னேன். ஓகோ என்றாள்.

நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வரிசை எப்போதும்போல வெள்ளை. எழுந்து கேன்டீன் வரைக்காவது போய்ப் பார்க்கலாமா என்று ஒருநாள் தோன்றியது. நெகட்டிவ் அசையக் கூடாது.

சென்ற மாதம் ஒரு செவ்வாய் மத்தியானம் அப்பா ஓகாவிலிருந்து பேசினார். குஜராத்தில் ரயில் பாதை முடிகிற ஊர்.

"தரை தீந்து போச்சும்மா. எதுக்கால கடலுதான் கெடக்கு. எப்படி வந்திருக்கு?"

அம்மா ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே போனை வாங்கினாள்.

"மூக்கு வந்துட்டு. மீசை ஒவ்வொரு முடியாத் தெரியுது. கண்ணுதான் மசமசன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் போங்களேன்."

"கடல்லயா?"

மேடம் ஃபிலிமை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஆமா," என்றாள் அம்மா.

"சரி. செருப்பைக் கையில எடுத்துக்கிடுதேன்."

முதலில் மணல் நொறுங்குவது கேட்டது. பிறகு தண்ணீர் சளசளவென்றது. வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. நான் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷாகுல் அண்ணன் புது ஃபிலிமை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் வெளியே வந்தபோது ஃபிலிமிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் வந்திருந்தது. இரண்டும் திறந்து, தெளிவாக, அம்மாவை நேராகப் பார்த்தன. அவர்கள் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வந்துட்டு," என்று போனில் சொன்னாள். "அங்கனயே நில்லுங்க. ஆடாதீய."

"சரி," என்றார் அப்பா.

அங்கேயேதான் நிற்கிறார். மீன்பிடிப் படகுகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இருட்டில் மோதிவிடக் கூடாது என்று துறைமுகத்துக்காரர்கள் அவர் தலையில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அதை ஏற்ற வேண்டாம், ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிடுகிறது என்று மேடம் கடிதம் எழுதினார். அந்த இரண்டு நாளும் படகுகளை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது.